அம்புக்குக் கொஞ்சம் தலைக்கனம்

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது திட்டுவதற்காகத்தான்.

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் நாலாம் மாடிக்கு வந்தால் கதவைத் திறந்துவிட்டு, மூட மறந்துபோய் நிற்கும். எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கம். கதவின் உருளையை மாற்றினேன். கையோடு பெல்ட்டையும் மாற்றினேன். லிஃப்ட் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"தம்பி, உருளைய மாத்துனீங்களா, பெல்ட்ட மாத்துனீங்களா?"

"ரெண்டையும்தான்கா."

"ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சரியாயிடுச்சுல்லக்கா, அது போதாதா?"

"லிஃப்டு சரியாயிடுச்சு. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

 அவர் லிஃப்டில் ஏறி மூன்று தடவை மேலே போய்க் கீழே வந்தார். மூன்றாவது தடவை இறங்கி, "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நடந்தார். தோளில் நீளமான துணிப்பை ஒன்று தொங்கியது. பெரிய குடை என்று நினைத்தேன். வில் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த "ம்" இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? பாராட்டு என்று சொல்ல முடியாது. கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கல்லாவில் போடுவாரே, அந்த மாதிரி ஒரு சத்தம். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் அவர் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வில்வித்தைக்குப் போக ஆரம்பித்தேன் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் நம்பமாட்டாள்.

பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. கூட்டத்தின் தலைவர், அறுபது வயதைத் தாண்டிய சீனர், அவர்கூட "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அது அவர் பெயர் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குச் சந்தேகம். அப்போது அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் பல் செட் செய்கிற பட்டறையில் வேலை. வெள்ளைக் கோட்டும், புருவத்தில் சுண்ணாம்புத் தூளுமாகத்தான் இறங்கி வருவார்.

அவருடைய வேதம் நாலே சொல்தான்: "ஒண்ண மாத்து, மூணு விடு." அம்பில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு மூன்று தடவை விட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று நேராகப் போனால் அதிர்ஷ்டம், இரண்டு போனால் ஆசை, மூன்று போனால்தான் உண்மை என்பார். இதை அம்போடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

அவர் பாடுகிற மாதா கோயிலில் பாடற்குழுவுக்கு மேலே ஒரு மின்விசிறி டொக், டொக்கென்று தட்டிக்கொண்டே சுற்றும். ஆள் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். அக்கா விடவில்லை. பூசை முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, ஓர் இறக்கையில் மட்டும் துளி ஈயத்தை ஒட்டினார். அடுத்த மூன்று பூசைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அதைப் பிடுங்கி அடுத்த இறக்கை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விசிறி மூச்சுக்கூட விடாமல் சுற்றியது. அன்றைக்குப் பாடற்குழு தாளம் தப்பி ஆளுக்கொரு பக்கம் ஓடியது. நாலு வருஷமாக அந்த டொக்கைத்தான் தாளமாக வைத்துப் பாடியிருக்கிறார்கள்! சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மட்டும் குஷியாக, "ஒண்ணு சரியானாத்தான் சாமி, அடுத்த கோளாறு வெளிய வரும்" என்றாராம்.

என் வீட்டு இட்லியையும் அவர் விடவில்லை. கல்லு மாதிரி இருக்கிறதே என்று என் மனைவி ஒருநாள் வாய்தவறிப் புலம்பிவிட்டாள். முதலில் அரிசியை மட்டும் மாற்றி மூன்று தடவை. பிறகு உளுந்தை மட்டும் மாற்றி மூன்று தடவை. பிறகு தண்ணீர். ஒன்பதாவது தடவை இட்லி பஞ்சு மாதிரி வந்தது. தின்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை. "உங்க அக்கா இன்னொரு தடவை வந்தாங்கன்னா நான் ரொட்டிக்கு மாறிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

இப்போது அம்புக்கு வருகிறேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். கம்பம் என்கிற பழைய குடிசைக் கிராமம் ஒன்றைக் காலி செய்த மேட்டுக்குக் கீழே ஒரு திடல் சும்மா கிடந்தது. வலதுபக்கம் பூராவும் கழுத்தளவு லாலாங் புல். அங்கேதான் ஞாயிறு காலையில் நாங்கள் பதினைந்து பேர் கூடுவோம். சீனர், மலாய்க்காரர், நம்மவர், எல்லாம் கலந்த கூட்டம். குறி பார்க்கிற கருவி எதுவும் இல்லாத மர வில். கண்ணும் கையும்தான். அம்பு சிலருக்கு மரம், சிலருக்கு அலுமினியம்.

கூட்டத்தில் கப்பல் இன்ஜினியர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து கார்பன் அம்பு ஒரு டஜன் கொண்டுவந்தார். அதுவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. கறுப்பாக, கறி குத்திச் சுடுகிற சாத்தே குச்சிக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக இருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. "காத்து மாதிரி இருக்கு லா!" என்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தோம். விட்டுப் பார்த்தால் பன்னிரண்டும் இடதுபக்கம் ஓடின.

முனையைக் கழற்றி வேறு போடலாம் என்று கப்பல்காரர் லைட்டரை எடுத்தார். அலுமினிய அம்பு என்றால் நெருப்பைக் காட்டினால் உள்ளே பசை இளகி முனை கையோடு வந்துவிடும். எங்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். கார்பனுக்கு நெருப்பைக் காட்டியதும் முடி பொசுங்குகிற வாடை வந்தது. முனை வந்தது, அதோடு சேர்ந்து அம்பின் வாயும் தேங்காய்த் தும்பு மாதிரி பிரிந்து வந்தது. சந்தேகத்துக்கு இன்னொன்றையும் கொளுத்தினார். அதுவும் தும்பு. கோபத்தில் மிச்சம் பத்தையும் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு மறுவாரம் கப்பலேறிவிட்டார்.

பக்கத்தில் நின்றவர் டீக்கடை அண்ணன். தேக்கா மார்க்கெட்டில் கடை. தம்பி தங்கைகளுக்கு எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தனக்குத் தலை நரைத்துவிட்டது என்று சொல்லிச் சிரிக்கிற மனிதர். என்னோடு ஒருநாள் திடலுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர், ஒரு பழைய வில்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு அக்காவை நர்ஸ் என்று நினைத்து "மிஸ்ஸி" என்று கூப்பிட்டார். அக்கா திருத்தவில்லை. பதிலுக்கு அவரைத் "தவுக்கே" என்றார். தவுக்கே என்றால் முதலாளி. நாலு மேசை, எட்டு நாற்காலிக்கு.

"தவுக்கே, இதுக்கு நெருப்புக் காட்டக் கூடாது. சுடுதண்ணி போதும்" என்றார் அக்கா, அம்பை விரல்மேல் வைத்துத் தராசு மாதிரி ஆடவிட்டபடி. "இதுக்கு மூக்குல கனம் பத்தல. அதான் இடது பக்கம் ஓடுது."

"மூக்குல கனமா?"

"பின்னால நாண் தள்ளுது. முன்னால மூக்கு கனமா இருந்தா சட்டுனு நகராது. அப்ப நடு உடம்பு வளையும். வளைஞ்சாத்தான் வில்லச் சுத்திக்கிட்டு நேராப் போகும். இது விறைப்பு புடிச்ச ஆளு. வளைய மாட்டேங்குது." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தலைக்கனம் மனுஷனுக்குத்தான் ஆகாது. அம்புக்குக் கொஞ்சம் வேணும்" என்றார்.

"எத்தனை கனம் வேணும் மிஸ்ஸி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அம்பத்தான் கேக்கணும்."

அப்படித்தான் சனிக்கிழமை வழக்கம் ஆரம்பித்தது. பட்டறை சனிக்கிழமை அரைநாள். மத்தியானம் அக்கா தேக்காவுக்கு வருவார். டீக்கடை அண்ணன் பாய்லரிலிருந்து ஒரு எனாமல் குவளை நிறையச் சுடுதண்ணீர் பிடித்து வைப்பார். மூன்று அம்புகள் தலைகீழாக அதில் நிற்கும். மற்ற ஏழும் காத்திருக்கட்டும் என்பது அக்காவின் உத்தரவு. பசை இளகினதும் முனையை உருவி, உள்ளே பித்தளை ஊசித் துண்டைச் செருகி, மறுபடி ஒட்டுவார். பல் அச்சை நிறுத்துவதற்குப் பட்டறையில் வைத்திருக்கிற சின்னப் பித்தளை ஊசி அது. அதை வெட்டி, அரத்தால் தேய்த்து, பட்டறைத் தராசில் நிறுத்து, எந்த அம்புக்கு எந்த ஊசி என்று அரத்தால் கோடு போட்டு, நோட்டில் எழுதிக் கொண்டுவருவார். ஒன்றாம் நம்பர் அம்புக்கு ஒரு கோடு, இரண்டாம் நம்பருக்கு இரண்டு.

கடைக்கு வருகிறவர்கள் குவளையைப் பார்த்து, "அண்ணே, இது என்ன புது சூப்பா?" என்பார்கள். "ஆமா லா, முருங்கைக்கா சூப்பு. கறுப்பு முருங்கைக்கா" என்பார் டீக்கடை அண்ணன். அக்கா தலை நிமிர மாட்டார். அவர் முன்னால் சர்க்கரை இல்லாத டீயும், கேட்காமலே வந்த வடையும் இருக்கும்.

அக்காவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. "அளக்குறது மேசையில, பாக்குறது திடல்ல." காற்றடிக்கிற இடத்தில் அம்பை விரலில் வைத்து ஆட்டினால் விரல் பொய் சொல்லும் என்பார். அதனால் சனிக்கிழமை மேசையில் அளந்ததைத் திடலில் மறுபடி அளக்க மாட்டார். டீக்கடை அண்ணன் அம்புகளைக் கடையிலேயே வைத்திருந்து ஞாயிறு காலையில் எடுத்துவருவார். அக்கா அவருக்குப் பின்னால் நின்று போகிற போக்கை மட்டும் பார்ப்பார்.

முதல் வாரம் அம்புக்கு ஓர் ஊசி. மூன்றும் இடதுபக்கம். சரி, அதில் அதிசயம் இல்லை. அடுத்த வாரம் இன்னோர் ஊசி. இடதுபக்கம், அதே இரண்டு சாண். மூன்றாம் வாரம் மூன்று ஊசி. அதே இரண்டு சாண்! அக்கா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் நான் டீ குடிக்கலாம் என்று தேக்காவுக்குப் போனேன். அக்கா போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பார்த்தால், டீக்கடை அண்ணன் குவளையில் அம்புகளைத் தலைகீழாக நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடுக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! என்ன செய்யுறீங்க?"

மனிதர் துள்ளிவிட்டார். "பாஸ்... மெதுவாப் பேசுங்க பாஸ்."

கதை வெளியே வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா போனதும் ஊசிகளை எடுத்துவிடுவாராம். ஞாயிறு அம்பு பழையபடி இடதுபக்கம் ஓடுமாம். மறு சனிக்கிழமை காலையில் அக்கா வருவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி உள்ளே வைத்து ஒட்டிவிடுவாராம். மேசையில் அக்காவின் விரலுக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

"எதுக்குண்ணே இவ்வளவு பாடு?"

அவர் ஈரத் துணியால் மேசையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு தடவை துடைத்தார். "அம்பு நேராப் போயிருச்சுன்னா, மிஸ்ஸி எதுக்கு பாஸ் இங்க வரப்போறாங்க?"

நான் சிரித்தேன். வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். என் தப்பு அது.

நாலு ஊசி. ஐந்து ஊசி. எட்டு வாரம் ஓடிவிட்டது. மனசு கேட்காமல் ஐந்தாவது ஊசியில் நிறுத்திவிட்டு அக்கா திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருந்தார். டீக்கடை அண்ணன் பாவம், நடிக்கவும் தெரியாத ஆள். திடலில் குறியைப் பார்த்து மனசாரத்தான் விடுவார். அம்பு என்னவோ இடதுபக்கம் போகும். அக்காவின் முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, லிஃப்டுக்கு எதிர்க்கனம் சரியா வச்சிருந்தும் தப்பா ஓடுமா?"

"ஓடாதுக்கா."

"அப்ப நாந்தான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"என் தராசு தப்பு. இல்லன்னா என் கண்ணு தப்பு. அந்தத் தராசுலதான் தம்பி பட்டறையில எல்லாத்தையும் நிறுத்துப் போடுறேன். மனுஷன் வாய்க்குள்ள போற சாமான். அது பொய் சொல்லியிருந்தா நான் எத்தனை பேரு வாயக் கெடுத்திருக்கேன்?"

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே தேக்காவுக்குப் போய் டீக்கடை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "சனிக்கிழமை சொல்லிடுறேன் பாஸ். சத்தியமா சொல்லிடுறேன். அதுக்கப்புறம் மூஞ்சில முழிக்க மாட்டாங்க. பரவால்ல."

சனிக்கிழமை மத்தியானம் துணைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். அக்கா வந்தார். உட்காரவில்லை. வடையைத் தொடவில்லை.

"தவுக்கே, இனிமே என்னால முடியாது. வேற ஆள வச்சுப் பாருங்க. தராச ரிப்பேருக்கு அனுப்பப் போறேன். பட்டறை முதலாளிகிட்டயும் சொல்லணும், இனிமே எடை போடுற வேலைய வேற யாருக்காவது குடுங்கன்னு."

டீக்கடை அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அதற்குள் அக்கா படியிறங்கிப் பட்டறைப் பக்கம் நடந்துவிட்டார்.

"போங்கண்ணே, பின்னாலயே போய்ச் சொல்லுங்க!" என்றேன்.

"இந்தா போறேன் பாஸ், இந்தா..." என்றவர், போகவில்லை. காலையில் உள்ளே வைத்திருக்க வேண்டிய ஊசிகள் பயத்தில் அன்றைக்கு இன்னும் சட்டைப்பையிலேயே இருந்தன. அவற்றை எடுத்தார், பார்த்தார், மறுபடி போட்டார். நடுவில் யாரோ டீ கேட்க, ஊசிகளை எடுத்த கையோடு டீயையும் ஆற்றிக் கொடுத்தார். வாங்கினவர் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர். ஒரே மடக்கு. கடக்கென்று ஒரு சத்தம்.

"அடேய்! எம் பல்லு கழண்டுருச்சு!"

உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். சின்னதாகப் பித்தளைத் துண்டு பளபளத்தது. "போன மாசந்தான்டா செட்டு கட்டுனேன்! அந்த மாடிப் பட்டறையில! அதுக்குள்ள ஆணி கழண்டுருச்சு! இரு, இப்பவே போய்க் கேக்குறேன்!"

கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பட்டறை எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. "அலாமா!" என்றார் டீக்கடை அண்ணன். பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். தோளில் துண்டோடு அவர் முன்னால், டீக் கோப்பையோடு நான் பின்னால். ஏன் கோப்பையைக் கொண்டு ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பூக்கடைப் பெண்கள், "என்னண்ணே, தீயா?" என்று கத்தினார்கள். எழுபது வயதுக்காரர் கோபம் வந்தால் எவ்வளவு வேகமாக நடப்பார் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நாங்கள் மாடி ஏறியபோது அக்கா விளக்குக்குக் கீழே பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தராசு பாதி பெட்டிக்குள் இருந்தது. பெரியவர் வாயை ஆவென்று திறந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இது உங்க வாயில இருந்தது இல்ல" என்றார் அக்கா மெதுவாக. "இதுல ரெண்டு கோடு இருக்கு. இது ரெண்டாம் நம்பர் அம்போட ஊசி." நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

டீக்கடை அண்ணன் சட்டைப்பையில் கை விட்டு மிச்ச ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று உருண்டு ஓடியது. அதையும் பிடித்து வைத்தார்.

"நாந்தான் மிஸ்ஸி. நீங்க போனப்புறம் எடுத்துருவேன். நீங்க வர்றதுக்கு முந்தி திருப்பி வச்சிருவேன். முதல் வாரத்துலேர்ந்து. உங்க தராசு மேல தப்பு இல்ல. உங்க கண்ணு மேலயும் தப்பு இல்ல. எல்லாம் எம்மேலதான்."

 அக்கா தராசைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். நிதானமாக நிறுத்தினார். ஒவ்வோர் ஊசியாக வைத்து, நோட்டைப் பார்த்து, அடுத்ததை வைத்து... கடைசி ஊசியை எடுத்துக் கீழே வைத்தார்.

"சரியா இருக்கு!"

அப்படி ஒரு கூச்சல் அவரிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பெரியவரின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, சரியா இருக்கு!"

"அப்ப எம் பல்லு?" என்றார் பெரியவர்.

"உங்க பல்லும் சரியா இருக்கு! எல்லார் பல்லும் சரியா இருக்கு! தம்பி, எல்லார் பல்லும்!" என் கையில் இருந்த ஆறிப்போன டீயை வாங்கி மடமடவென்று குடித்தார். சர்க்கரை போட்ட டீ. கவனிக்கவே இல்லை.

டீக்கடை அண்ணன் வாசலில் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். "மிஸ்ஸி, எதுக்கு எடுத்தேன்னு கேக்க மாட்டீங்களா?"

"அது தெரியும்."

"தெரியுமா?"

"கேக்காம வடை வைக்கிற ஆளு எதுக்கு வைக்கிறாருன்னு ரெண்டாவது வாரமே தெரியும் தவுக்கே. அம்பு ஏன் கோணலாப் போகுதுங்கறதுதான் தெரியாம இருந்துச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். குரல் மாறியது. "ஆனா எட்டு வாரம் என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன். சோறு எறங்கல. வர்றீங்களான்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"தப்புதான் மிஸ்ஸி."

"ஊசிய எல்லாம் வச்சு ஒட்டுங்க. நாளைக்குத் திடலுக்குக் கொண்டாங்க." அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீக்கடை அண்ணன் திரும்பி வருகிற வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்: "கோவமா பாஸ், இல்லையா பாஸ்?" எனக்கு என்ன தெரியும்? நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. எட்டுவதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் வில்லை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். டீக்கடை அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா பின்னால், நோட்டும் பென்சிலுமாக.

முதல் அம்பு பலகையின் வலது விளிம்பைக் கீறிக்கொண்டு போனது. இரண்டாவது பலகைக்கே போகவில்லை, வலதுபக்க மண்ணில். மூன்றாவது அம்பு வலதுபக்கம் வளைந்து, லாலாங் புல்லுக்குள் ஜம்மென்று போய் விழுந்தது.

"அடடா! இடதுபக்கக் கட்சிய விட்டுட்டாரு லா!" என்று யாரோ கத்த, திடலே சிரித்தது. டீக்கடை அண்ணனுக்கு அழுகை வராத குறை. "இப்பயும் தப்பா மிஸ்ஸி?"

அக்கா நோட்டைப் பார்க்கிறார், புல்லைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார். சிரிப்பில் தோள் குலுங்குகிறது. "தவுக்கே, அஞ்சு ஊசி அதிகம். அது ஒண்ணு. எட்டு வாரமா அம்பு இடதுபக்கம் போகுதுன்னு உங்க கையி தானா வலதுபக்கம் குறி வச்சுப் பழகிடுச்சு. அது ஒண்ணு. ரெண்டு கோளாறும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு. எது எவ்வளவுன்னு பிரிக்கிறதுக்குள்ள வருஷம் ஓடிரும்."

"வருஷமா?"

"குறைஞ்சது."

அந்த மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் எழுத முடியவில்லை. "ஓடட்டும் மிஸ்ஸி!" என்றார்.

"மொதல்ல அந்த அம்பத் தேடுவோம், வாங்க" என்று அக்கா நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். டீக்கடை அண்ணன் பின்னாலேயே ஓடினார். இரண்டு பேரும் லாலாங்குக்குள் இறங்கினார்கள்.

வில்வித்தையில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் ஆள் நடமாடினால் ஒருத்தரும் நாணைத் தொடக்கூடாது. தொண்ணூறு வயது ஆள் வந்து சொன்னாலும் கூடாது. ஆகவே பதின்மூன்று பேர் வில்லைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். புல்லுக்கு மேலே இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. ஒன்று பேசும், ஒன்று ஆடும். பிறகு அது பேசும், இது ஆடும். தேடுகிறவர்கள் குனிவார்கள். இவர்கள் குனியவே இல்லை.

கால்மணி நேரம் ஆனது. சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையை வாயருகே குவித்துக் கத்தினார்:

"அக்கா! கிடைச்சுதா இல்லையா லா?"

இரண்டு தலைகளும் திடுக்கிட்டுத் திரும்பின. அக்கா எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார்.

"இன்னும் கிடைக்கல!"

ஆட்டிய கையில்தான் அம்பு இருந்தது.